பெல்ட் 90000

ஜூன் 4, புதன். கி.மீ. 93,418

நேற்று எழுதவில்லை. இன்றைக்கும் எழுதத் தோன்றவில்லை, ஆனால் நேற்றைத் தவிர, கார் மீட்டரை எழுதாமல் ஒரு நாளும் விட்டதில்லை.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு வள்ளியூரிலிருந்து மதினி போன் செய்தாள். அண்ணனுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே புறப்பட்டு வா என்றாள். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் போன். மருமகள் கோமதியை அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லச் சொன்னேன். வண்டியைக் கழுவச் சொன்னேன், உள்ளேயும் துடைக்கச் சொன்னேன். நானும் தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட நீலச் சேலையை எடுத்துக் கட்டினேன். அத்தனை வருஷம் கழித்து அந்த வாசலில் போய் இறங்குகிறவள் தூசியும் தும்புமாக இறங்க முடியுமா? ஒன்பது மணிக்குக் கோவில்பட்டியை விட்டுப் புறப்பட்டோம்.

கயத்தாறு தாண்டவில்லை. கடகடவென்று பாத்திரக் கடை சரிந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கோமதி வண்டியை ஓரம் கட்டினாள். சாவியைத் திருகத் திருக இஞ்சின் மின்விசிறி மாதிரி லேசாகச் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

நாலு வழிச் சாலையில் நிழல் கிடையாது. நீலச் சேலையோடு வெயிலில் நின்றேன். பதினொன்று பத்துக்கு மறுபடியும் போன் வந்தது. கோமதிதான் எடுத்துக் கேட்டாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

பஸ் பிடித்துப் போய்ச் சேர மணி இரண்டு. அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி. கி.மீ. 93,418

வண்டியை இழுத்து வந்தது எட்டயபுரம் ரோட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் பால்பாண்டியின் ரெக்கவரி வண்டி. அவனே இஞ்சினைப் பிரித்தான். கூப்பிட்டு விட்டான் என்று நானும் கோமதியும் போனோம்.

அறுந்த பெல்ட்டைக் கையில் தூக்கிக் காட்டினான். ரப்பர் பட்டை, உள்பக்கம் பல் பல்லாக இருக்கும். ஒரு சாண் நீளத்துக்குப் பல்லே இல்லை.

"ஆச்சி, இதுதான் டைமிங் பெல்ட்டு. மேல வால்வு, கீழ பிஸ்டன். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிடாம முறை வச்சுப் போகவர வைக்கிறது இதுதான். ஒரே அடுக்களைக்குள்ள ரெண்டு மருமக மாதிரின்னு வச்சுக்கோங்க."

"மாமியாரும் மருமகளும்னு சொல்லுங்கண்ணே, இன்னும் பொருத்தமா இருக்கும்" என்றாள் கோமதி. அந்த நேரத்திலும் அவளுக்கு வாய்.

எட்டு வால்வும் வளைந்திருந்தன. பிஸ்டன் தலையில் பிறைபிறையாகத் தழும்பு. "இது கம்பெனியில போட்ட பெல்ட்டு ஆச்சி. ஒரு தடவைகூட மாத்தல" என்றான் பால்பாண்டி.

அது எப்படி? பானெட்டின் உள்பக்கம் எங்கள் மெக்கானிக் தாவீது ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதே! பால்பாண்டியை விலகச் சொல்லிவிட்டு நானே உரக்கப் படித்தேன். பெல்ட் 90000. தாவீதின் கையெழுத்து. ஒன்பதும் நாலு சைபரும் கோழி முட்டை மாதிரி.

"மாத்திட்டேன்னு எழுதி ஒட்டியிருக்கான்லா?"

பால்பாண்டி அந்த ஸ்டிக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கையைத் துணியில் துடைத்தான். "எழுதித்தான் ஒட்டியிருக்கான். அப்புறம் என்ன?" என்றான்.

வால்வு எட்டையும் கேட்டு வாங்கி வந்தேன். பெல்ட்டையும்.

ஜூன் 7, சனி. கி.மீ. 93,418

தாவீது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருஷமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். வாங்கின நாளிலிருந்து வண்டியை அவனிடம்தான் விட்டேன். போன ஆடி மாதம் விட்டதுதான் கடைசி. நம்பினேன். அதுதான் நான் செய்த தப்பு.

பெல்ட்டை அவன் மேஜையில் போட்டேன். பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"ஐயையோ, அந்து போச்சா? எங்க வச்சு ஆச்சி?"

"எங்கண்ணன் சாவுக்குப் போற வழியில வச்சு."

அவன் எழுந்து நின்றுவிட்டான். "உக்காருங்க ஆச்சி" என்றான்.

"உக்கார வரல. மாத்தாத பெல்ட்ட மாத்துனேன்னு எழுதி ஒட்டியிருக்கியே, உனக்குக் கை கூசல?"

"நான் மாத்துனேன்னு சொல்லவே இல்லையே. வெளிப் பெல்ட்டு கீச்சு கீச்சுன்னு கத்துதுன்னு வந்தீங்க, அத மாத்துனேன். உள்பெல்ட்டு தொண்ணூறுல மாத்தணும்னு எழுதி ஒட்டுனேன்."

"மாத்தணும்னு எங்கல எழுதியிருக்க? பெல்ட் தொண்ணூறாயிரம். அவ்வளவுதான். நான் படிச்சேன்."

"அது அப்படித்தான் ஆச்சி எழுதுவோம்."

"பால்பாண்டி அப்படி எழுதலயே. அவன் மாத்துனதத்தான் எழுதுவானாம். கேட்டுட்டுத்தான் வாரேன்."

"அவரு முறை வேற, என் முறை வேற" என்றான். முறையாம். கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு முறை பேசுகிறான்.

வெளியே வந்து அவன் போர்டை நிமிர்ந்து பார்த்தேன். தாவீது கார் கேர். நீல எழுத்து. அந்தப் போர்டை அவன் கையாலேயே கழற்ற வைக்காவிட்டால் நான் சண்முகவடிவு இல்லை.

ஜூன் 9, திங்கள்

தாவீது கடைக்கு எதிரே மூடிக் கிடக்கும் அரிசி மில்லின் படியில் ஒன்பது மணிக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டேன். கையில் தூக்குச் சட்டி. அதற்குள் எட்டு வால்வு. வண்டி விட யாராவது வந்தால் எழுந்து போய்ச் சட்டியைக் குலுக்குவேன். என்ன என்று கேட்பார்கள். மூடியைத் திறந்து காட்டுவேன்.

முதலில் வந்தவன் ஒரு ஆட்டோக்காரன். "என்ன ஆச்சி, கோயில் உண்டியலா?" என்றான்.

"உண்டியல்தான். தாவீது செஞ்ச பாவத்தயெல்லாம் இதுலதான் போட்டு வச்சிருக்கேன். எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தான். ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று பேர் திரும்பிப் போனார்கள்.

ஜூன் 12, வியாழன்

தாவீதின் பெண்டாட்டி ஸ்டெல்லா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். "படி சுடும் ஆச்சி, இதுல இருங்க" என்றாள். ஒரு சொம்பு தண்ணீரும் வைத்தாள்.

தண்ணீரைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் உட்கார்ந்தால் கடை வாசல் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

சாயங்காலம் கோமதி பஸ்ஸில் வந்து இறங்கி, காலைச் சுடுதண்ணீரில் வைத்தபடி சொன்னாள்: "அத்த, எம் பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒருத்தரு கேக்காரு, உங்க மாமியாரு பஸ் ஸ்டாண்டுல ஏதும் வியாபாரம் ஆரம்பிச்சிருக்காங்களான்னு."

"ஆமா, பழி வாங்குற வியாபாரம்னு சொல்லு."

"வண்டியை யாரு ரிப்பேர் பாக்கப் போறா? நான் இன்னும் எத்தன நாளு சாத்தூர் பஸ்ல தொங்கிட்டுப் போகணும்?"

"முதல்ல அவன் கடை மூடட்டும்."

இவள் மாதிரி எனக்கு மறக்கத் தெரியாது. அண்ணன் விஷயத்திலும் நான் மறக்கவில்லை. என் மகன் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குப் போகும் முன் நான்தான் படித்துச் சரி என்று சொன்னேன். தேதி மாறி அச்சாகிவிட்டது. ஐந்நூறு பத்திரிகை. பந்தலில் சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சிரித்தபடி, "அஞ்சாப்பு படிச்சவ கையில பத்திரிகையைக் குடுத்தா இப்படித்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு விட்ட பேச்சு.

அதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை. தாவீதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஜூன் 18, புதன்

அண்ணனுக்குப் பதினாறாம் நாள். பஸ்ஸில் போய் வந்தேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது மதினி பக்கத்தில் வந்து நின்றாள். "கடைசி வரைக்கும் நினைவு இருந்துச்சு வடிவு. வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாக. வடிவுக்கு ஆறு மணிக்கே சொல்லியாச்சு, எட்டு மணிக்கு வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. மணி எட்டாச்சான்னு என்னயக் கேட்டுக்கிட்டே இருந்தாக."

தாவீதை விடமாட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஜெயம் கிடைத்தது. பள்ளிக்கூட வேன் நாலு வைத்திருக்கும் சொக்கலிங்கம் இத்தனை வருஷமாக தாவீதிடம்தான் விட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்ததும் சட்டியைக் குலுக்கினேன். "பிள்ளைங்க போற வண்டி. யோசிச்சு விடுங்க. மாத்தாததை மாத்துனேன்னு எழுதுற கை இது" என்றேன். அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வெளியே வந்தார். மத்தியானத்துக்குள் நாலு வேனும் பால்பாண்டி ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டன.

தாவீது வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டுவதற்குப் பதில் சொல்ல ஏழெட்டு வார்த்தை தயாராகவும் வைத்திருந்தேன். அவன் உள்ளே போய்விட்டான். வேலை இல்லாததால் ஸ்பேனர்களை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து அளவுவாரியாக அடுக்கினான். திரும்பவும் கலைத்து அடுக்கினான்.

ராத்திரி இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஒர்க்ஷாப்காரர்கள் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை, என் கையாலேயே இரண்டு பக்கம். சங்கத்தின் செயலாளர் பால்பாண்டி. படித்துப் பார்த்து, "வக்கீல்கூட இப்படி எழுத மாட்டான் ஆச்சி" என்றான். சங்கத்திலிருந்து நீக்கிவிட்டால் ஊரில் எந்த லேத் பட்டறையிலும் அவன் வேலையை எடுக்க மாட்டார்களாம். லேத் இல்லாமல் இஞ்சின் வேலை பார்க்க முடியாது. கடையை மூடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை.

ஜூன் 26, வியாழன்

சங்கத் தலைவர் ஆள் அனுப்பியிருந்தார். பெரியவர், எதையும் நிறுத்தி நிதானமாகக் கேட்கிறவராம். ஸ்டிக்கரில் தேதி இல்லை, தாவீதிடம் கணக்கு நோட்டும் கிடையாது. எனவே வண்டி தொண்ணூறாயிரம் ஓடியபோது எந்தத் தேதியில் தாவீதிடம் விட்டேன் என்பதற்கு ஏதாவது எழுத்து இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

எழுத்தா? என்னிடமா கேட்கிறார்கள்? வாங்கின நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் மீட்டரை எழுதியிருக்கிறேன். கோமதிகூட ஒரு தடவை கேட்டாள், "நான் எங்க போயிட்டு வாரேன்னு என்னயக் கேட்டா சொல்ல மாட்டனா அத்த? மீட்டரைத்தான் கேக்கணுமா?" என்று. இப்போது பார், அந்த எழுத்துதான் அவன் கழுத்துக்குக் கயிறு.

பழைய நோட்டை நாளைக்குத் தேட வேண்டும். பரணில் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

நோட்டு கிடைத்தது.

மார்ச் 11. கி.மீ. 90,012. அன்று எழுதியிருப்பது: கோமதி பள்ளிக்கூடம் போய் வந்தாள். முருங்கைக்காய் சாம்பார். கால் வலி.

அதற்கு முந்தின வாரமும் பார்த்தேன், பிந்தின வாரமும் பார்த்தேன். வண்டி ஒரு நாளும் ஒர்க்ஷாப்புக்குப் போகவில்லை.

ஒரு பக்கத்தைத் தவற விட்டிருப்பேன் என்று முதலிலிருந்து புரட்டினேன். போன வருஷம் ஆகஸ்ட் 6. கி.மீ. 81,260. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"கீச்சென்று கத்திய பெல்ட்டை தாவீது மாற்றினான். பானெட்டுக்குள் ஸ்டிக்கர் ஒட்டினான். படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஏதோ விளக்கம் சொல்ல வந்தான். எனக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டு வந்தேன்."

எண்பத்தோராயிரத்து இருநூற்று அறுபதில் ஒட்டிய ஸ்டிக்கர். அதில் தொண்ணூறாயிரம்.

பேப்பரில் போட்டுக் கழித்துப் பார்த்தேன். எட்டாயிரத்து எழுநூற்று நாற்பது வருகிறது. மறுபடியும் கழித்தேன். அதேதான் வருகிறது.

ஜூன் 28, சனி

அரிசி மில் பக்கம் போகவில்லை. கோமதி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை என்றேன்.

பால்பாண்டி ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அவன் இல்லை. பிரித்துப் போட்டிருந்த வண்டியின் பானெட்டைத் தூக்கச் சொல்லி, அந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். கிழியாமல் வந்துவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

சங்கக் கட்டடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். தாவீது கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருப்பான் போலிருக்கிறது. நகக்கண் எல்லாம் சுத்தமாக இருந்தது. மெக்கானிக்கின் நகம் அப்படி வெளுத்திருந்து நான் பார்த்ததில்லை.

தலைவர் கேட்டார், "நோட்டு கொண்டாந்தீங்களாம்மா?"

"கொண்டு வரல."

பால்பாண்டி எழுந்தான். "ஆச்சி, நோட்டு இல்லேன்னாலும் ஸ்டிக்கர் போதும். அத நானே பாத்தேன்."

"நீ பாத்தது எனக்குத் தெரியும். ரொம்ப நேரம் பாத்த" என்றேன். அவன் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு நான் சொன்னேன்: "புகாரைத் திருப்பிக் குடுங்க. இவனைச் சங்கத்த விட்டு எடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சு போகும். எனக்கு அது பத்தாது. எம் வண்டியை இவன்தான் செய்யணும். நான் முன்னால உக்காந்திருப்பேன். ஒரு போல்ட்டு விடாம என் கண்ணு முன்னாலதான் முடுக்கணும். அதுதான் இவனுக்குத் தண்டனை."

எல்லோரும் தாவீதைப் பார்த்தார்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

"சரி ஆச்சி" என்றான்.

ஜூலை 2, புதன்

தண்டனை ஆரம்பமாகிவிட்டது. நாற்காலியை ரோட்டுக்கு இந்தப் பக்கம், கடைக்குள்ளேயே போடச் சொன்னேன். ஸ்டெல்லா தண்ணீர் கொடுத்தாள். வெயில் அதிகம், குடித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இஞ்சின் தலை லேத்திலிருந்து வந்துவிட்டது. புது வால்வு ஒவ்வொன்றையும் மாவு மாதிரி ஒரு பசை தடவி, அதன் இடத்தில் வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதில் மாட்டிய கோலை உருட்டி உருட்டித் தேய்க்கிறான். ஒரு வால்வுக்கு அரை மணி நேரம். எட்டு வால்வு. நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், என் தோள்பட்டை வலித்தது.

சொக்கலிங்கம் அந்த வழியாகப் போனவர் நின்று எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இவன்கிட்டயே விட்டுட்டீங்க?"

"விடாம என்ன? தப்பிச்சுப் போயிருவானே. உங்க வேனையும் இங்கேயே கொண்டாந்து விடுங்க. ராத்திரி பகலா நான் காவல் இருக்கேன், ஒரு நட்டு லூசா விட மாட்டான்."

"அன்னைக்குப் பொய் எழுதுற கைன்னு சொன்னீங்க?"

"கை நல்ல கைதான். எழுத்துதான் மோசம்."

தாவீது குனிந்தபடியே சிரித்தான். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

ஜூலை 12, சனி

இரண்டு வேன் வந்துவிட்டது. மற்ற இரண்டும் திங்கட்கிழமை வருமாம். என் காவல் இருப்பதால்தான்.

ஜூலை 16, புதன். கி.மீ. 93,421

புதுப் பெல்ட் போட்டான். மேல் சக்கரத்தில் ஒரு புள்ளி, கீழ்ச் சக்கரத்தில் ஒரு புள்ளி. இரண்டும் அதனதன் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"ஆச்சி, உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே. மார்க்கு நேரா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

போன ஆடியில் நான் சொன்ன வார்த்தை. மறக்காமல் வைத்திருந்து இன்றைக்குத் தருகிறான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

"நேராத்தான் இருக்கு. ஒரு பல்லு தள்ளிப் போட்டிருந்தேன்னு வை, உன் வாயில ஒரு பல்லு இருக்காது."

ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, பானெட்டைத் தூக்கி, புது ஸ்டிக்கரும் பேனாவும் எடுத்தான்.

"முன்னால ஒட்டுனது எங்க ஆச்சி? இடம் சுத்தமா இருக்கே."

"துடைக்கும்போது கிழிஞ்சு போச்சு."

"துடைக்கும்போதா" என்றான். பேனாவையும் ஸ்டிக்கரையும் என்னிடம் நீட்டினான். "எழுத்து மோசம்னு சொல்லிட்டீங்க. நீங்களே எழுதுங்க."

டைமிங் பெல்ட். இனி மாற்ற வேண்டியது: 1,80,000. மாற்றியது: 93,421. தேதி. எல்லாவற்றையும் முழுசாக எழுதினேன். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இனி வரும் வண்டிக்கெல்லாம் இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய ஸ்டிக்கரை ஆகஸ்ட் 6 எழுதியிருந்த பக்கத்தில், அந்த வரிகளுக்கு மேலேயே ஒட்டிவிட்டேன். பசை கொஞ்சம் கூடிவிட்டது. நோட்டை மூடினால் எதிர்ப் பக்கத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அண்ணன் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

சிரிக்கட்டும்.

ஜூலை 20, ஞாயிறு. கி.மீ. 93,629

வள்ளியூர் போய் மதினியைப் பார்த்துவிட்டு வந்தோம். விடியற்காலையில் கோமதி வண்டியைக் கழுவ ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். நாலு நாள் தூசி. கழுவ வேண்டாம், எடு என்றேன். உடுத்தியிருந்த சேலையோடு ஏறி உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். எட்டு மணிக்கெல்லாம் அந்த வாசலில் இருந்தேன்.